நிறுவனர் மறைந்தபின்: கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவியவர் பெரும்பாலும் அதன் முதல் பிரசங்கியாராகவும் இருப்பார். பட்டச் சான்றிதழில் கையெழுத்திட்டவரும், சிற்றாலயத்தில் நின்று வேதம் போதித்தவரும், விடுதியின் ஒழுங்குமுறைகளை வகுத்தவரும், கட்டடத்துக்குப் பணம் திரட்ட ஊர் ஊராகப் போனவரும் அவரே. அதனால் அவர் மறைந்த செய்தி வரும்போது அங்கே படித்தவர்களின் துக்கம் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. முதல் அணிகளில், அதாவது தொடக்க ஆண்டுகளில் சேர்ந்த மாணவர் குழுக்களில், படித்தவர்களுக்கு அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்த மனிதர். பின்னால் வந்தவர்களுக்குச் சுவரில் தொங்கும் படம். இன்னும் சிலருக்கு, தங்களை வளாகத்தை விட்டு அனுப்பிய கடிதத்தின் கீழே இருந்த பெயர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு முன்னாள் மாணவர் சங்கம் எப்படித் துக்கம் அனுசரிக்க வேண்டும் என்பதைப் பற்றியே இந்த வழிகாட்டி பேசுகிறது. என் கருத்தில், சங்கத்தின் முதற்கடமை உண்மையைச் சொல்லித் துக்கப்படுவதுதான். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன.

முன்கூட்டியே செய்யவேண்டியவை

நிறுவனர் முதுமையடைந்திருக்கும்போதே அவருடைய மரணத்தைப் பற்றித் திட்டமிடுவது மரியாதைக் குறைவு என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் தயங்கிய சங்கங்கள் அந்த நாளில் தடுமாறுவதையே பார்க்க முடிகிறது. ஐந்து பேருக்கு மிகாத ஒரு சிறு குழுவை அமைத்து, ஆரவாரமின்றி, மூன்று காரியங்களை முடித்து வைத்துக்கொண்டால் போதும். முதலாவதாக, குடும்பத்தின் சார்பில் யார் பேசுவார், பல்கலைக்கழகத்தின் சார்பில் யார் பேசுவார் என்பதைக் கேட்டு அறிந்துகொண்டு, அந்த இருவரோடும் நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, அணிவாரியான முகவரிப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். குறிப்பாக, எந்தக் குழுவிலும் இல்லாத மூத்த அணிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் அவரை நெருக்கமாக அறிந்தவர்கள் அவர்களே. மூன்றாவதாக, பிறந்த நாள், திருமணம், ஊழியம் தொடங்கிய ஆண்டு, நிறுவனம் தொடங்கிய ஆண்டு, முதல் வகுப்பு நடந்த ஆண்டு ஆகியவற்றைச் சரிபார்த்து ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். நிறுவிய ஆண்டும் முதல் வகுப்பு நடந்த ஆண்டும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். அமெரிக்காவின் டல்சா நகரில் உள்ள ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகம் 1963இல் நிறுவப்பட்டது. முதல் மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்தது 1965இல். இரங்கற்செய்தியில் இதைக் குழப்பினால், அந்த முதல் மாணவர்களே அதைக் கண்டு வருந்துவார்கள்.

நிறுவனர் பேசக்கூடிய நிலையில் இருந்தால், அவருடைய குரலைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். சாதனைகளைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டாம். அவற்றை அவர் நூறு மேடைகளில் சொல்லியிருப்பார். முதல் ஆண்டில் சம்பளம் கொடுக்க முடியாத மாதம் உண்டா, எந்த முடிவை எடுத்ததற்காக வருந்துகிறீர்கள், யாருடைய உழைப்பை மக்கள் மறந்துவிட்டார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பெயர்கள் பிற்பாடு மிகவும் பயன்படும்.

முதல் நாள்

செய்தி முதலில் வதந்தியாகவே வரும். குடும்பமோ பல்கலைக்கழகமோ உறுதிசெய்யும்வரை சங்கம் எதையும் அறிவிக்கக் கூடாது. ஒரு மணி நேரம் தாமதமானால் யாருக்கும் இழப்பில்லை, ஆனால் பிள்ளைகளில் ஒருவர் தம் தகப்பனாரின் மரணத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிந்துகொண்டால் அந்தக் காயம் ஆறாது. உறுதியானதும் முதல் அறிவிப்பு மூன்று வாக்கியங்களுக்குள் இருக்கட்டும். ஒரு மாதிரி:

“நம் பல்கலைக்கழகத்தின் நிறுவனர் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பதை ஆழ்ந்த துக்கத்தோடு அறிவிக்கிறோம். அவருடைய குடும்பத்தாருக்காகவும், அவரோடு உழைத்தவர்களுக்காகவும், வளாகத்தில் இன்று படிக்கும் மாணவர்களுக்காகவும் ஜெபிப்போம். ஆராதனை குறித்த விவரங்களைக் குடும்பத்தார் முடிவுசெய்தபின் தெரிவிப்போம்.”

இதற்கு மேல் அன்றைக்கு வேண்டாம். நோயின் விவரம், கடைசி நேரத்தில் நடந்தவை, மருத்துவமனைப் படங்கள் ஆகியவை குடும்பத்துக்கு உரியவை. அதே நாளில் மூத்த அணிகளைச் சேர்ந்தவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். எண்பது வயதை நெருங்கும் ஒருவருக்கு இந்தச் செய்தி ஒரு மனிதக் குரலில் போய்ச் சேர வேண்டும்.

இரங்கற்செய்தியின் சொற்கள்

இரண்டு மூன்று நாட்களுக்குள் சங்கத்தின் பெயரில் முழுமையான இரங்கற்செய்தி ஒன்று வெளிவர வேண்டும். இதில்தான் பெரும்பாலான சங்கங்கள் வழி தவறுகின்றன என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

“மகிமைக்குள் பிரவேசித்தார்”, “ஓட்டத்தை முடித்தார்” என்ற சொற்கள் விசுவாசிகளுக்கு வெறும் அலங்காரம் அல்ல. அவை அவர்களுடைய நம்பிக்கையின் மொழி. அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தச் சொற்களே செய்தி முழுவதையும் நிரப்பிவிட்டால், இறந்தவர் யார் என்பது வாசிப்பவருக்குத் தெரியாமலே போய்விடும். எந்த ஊழியருக்கும் பொருந்தக்கூடிய ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு, இவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வாக்கியத்தை அந்த இடத்தில் எழுதுங்கள். “கல்விக்காகத் தம்மை அர்ப்பணித்தவர்” என்பதைவிட, “முதல் மூன்று ஆண்டுகள் விடுதி உணவுக்கூடத்தில் மாணவர்களோடே உட்கார்ந்து சாப்பிட்டவர்” என்பது அவரைக் கண்முன் நிறுத்தும். கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்லர். கிறிஸ்தவர்களாகப் படித்தவர்களில் சிலர் இன்று விசுவாசத்தைவிட்டு விலகியும் இருக்கலாம். அவர்களும் சேர்ந்து கையெழுத்திடக்கூடிய ஒரு பத்தியாவது செய்தியில் இருக்க வேண்டும்.

நிறுவனர் உலகறிந்தவராக இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். 1977இல் அமெரிக்காவில் சிபிஎன் (கிறிஸ்டியன் பிராட்காஸ்டிங் நெட்வொர்க்) பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கிப் பிற்பாடு ரீஜென்ட் பல்கலைக்கழகம் ஆன நிறுவனத்தின் நிறுவனர் பாட் ராபர்ட்சன் 2023 ஜூன் 8 அன்று 93 வயதில் மறைந்தார். அவர் தொலைக்காட்சி ஊழியர். 1988இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முயன்றவர். அவருடைய பேச்சுகள் பல முறை கடும் விவாதத்துக்கு உள்ளானவை. இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி ஊடகங்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் எழுதும்போது, சங்கம் அவருடைய அரசியலுக்கு வக்கீலாகவோ நீதிபதியாகவோ நிற்கத் தேவையில்லை. சங்கம் நேரில் அறிந்தது வளாகத்தை. அங்கே அவர் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் பற்றிப் பேசினால் போதும்.

“தனி ஒரு மனிதராக எழுப்பினார்” என்ற தொடரைத் தயவுசெய்து எழுதாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அப்படி எழுந்ததில்லை. முதல் பதிவாளர், நூலகத்தைச் சுமந்து அடுக்கியவர்கள், மாதந்தோறும் சிறு தொகை அனுப்பிய சபையார், நிறுவனரின், பெயர் வெளியே வராத மனைவி ஆகியோரை அந்தத் தொடர் ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது. நிறுவனரின் குரல்பதிவில் நீங்கள் கேட்டு வாங்கிய பெயர்கள் இங்கேதான் இடம்பெற வேண்டும்.

ஆராதனையும் கூடுகைகளும்

அடக்க ஆராதனை குடும்பத்துக்கும் சபைக்கும் உரியது. அங்கே முன்னாள் மாணவர்கள் விருந்தினரே. வளாகத்தில் நடக்கும் நினைவு ஆராதனையில் சங்கத்துக்கு ஒரு பங்கு கேட்கலாம். ஒரே ஒரு பேச்சாளர், நான்கு நிமிடம், எழுதி வாசிக்கும் உரை என்று கேட்டால் கிடைக்கும். ஏழு பேர் பேச வேண்டும் என்று கேட்டால் கூட்டத்தில் சலிப்பும் சங்கத்துக்குள் பொறாமையும்தான் மிஞ்சும். அந்த ஒருவர் மிகப் புகழ்பெற்றவராக இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் அணியில் படித்த ஓர் ஆசிரியை பேசுவது, பிற்காலத்தில் படித்த அமைச்சர் ஒருவர் பேசுவதைவிட உண்மையாக ஒலிக்கும்.

நேரம் எப்போதும் வசதியாக அமைவதில்லை. அமெரிக்காவின் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தை 1971இல் நிறுவிய ஜெர்ரி ஃபால்வெல் 2007 மே 15 அன்று, வளாகத்திலுள்ள தம் அலுவலகத்தில் சுயநினைவின்றிக் காணப்பட்டு, அன்றே இறந்தார். பட்டமளிப்பு விழாவுக்கு நான்கு நாட்களே இருந்தன. மே 19 அன்று விழா நடந்தது. அதன்பின் மே 22 அன்று அடக்க ஆராதனை நடந்தது. துக்கத்தின் நடுவே விழாவை நடத்தலாமா என்று எந்தச் சங்கத்தையும் யாரேனும் கேட்டால், நடத்துவதே தகும் என்பேன்: பட்டம் வாங்கக் காத்திருக்கும் மாணவருக்கு அது ஒரே நாள், அந்த நாளுக்காகவே நிறுவனர் உழைத்தார். தம் பெயரிலேயே பல்கலைக்கழகத்தை நிறுவிய ஓரல் ராபர்ட்ஸ் மறைந்தது 2009 டிசம்பர் 15 அன்று, கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில். ஆறு நாட்களுக்குப் பின் வளாகத்தின் மேபி அரங்கத்தில் பொது நினைவு ஆராதனை நடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் தொலைவில் உள்ள எல்லோரும் வந்து சேர்ந்துவிட முடியாது.

வர முடியாதவர்களுக்காக, அவரவர் இருக்கும் இடத்தில் சிறு கூடுகைகளை ஊக்குவியுங்கள். பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடினாலே போதும். ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், ஒவ்வொருவரும் ஒரு நினைவு, பின்பு சிறிது நேரம் மௌனம், முடிவில் ஜெபம். வேதபாகமாக எபிரெயர் 13:7 மிகவும் பொருத்தமானது: “தேவவசனத்தை உங்களுக்குப் போதித்து உங்களை நடத்தினவர்களை நீங்கள் நினைத்து, அவர்களுடைய நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்து, அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றுங்கள்.” அந்த வசனம் நினைக்கச் சொல்வதோடு சிந்திக்கவும் சொல்கிறது என்பதைக் கூடுகையை நடத்துபவர் கவனிக்க வேண்டும்.

காயப்பட்டவர்களுக்கு இடம்

நிறுவனரால் அல்லது அவருடைய நிர்வாகத்தால் புண்பட்ட முன்னாள் மாணவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஒழுங்கு நடவடிக்கையில் நியாயம் கிடைக்காதவர்கள், திடீரென்று மூடப்பட்ட துறையில் படித்தவர்கள், நெருக்கடிக் காலத்தில் வேலை இழந்த ஆசிரியரின் பிள்ளைகள் எனப் பலர். ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சட்டப் பள்ளி 1980களின் நடுவில் மூடப்பட்டது. 1981இல் திறக்கப்பட்ட ‘விசுவாச நகரம்’ மருத்துவமனை 1989இல் மூடப்பட்டது. 2007இல் நிறுவனரின் மகன் தலைவர் பதவியிலிருந்து விலகும் அளவுக்கு வழக்கும் குற்றச்சாட்டுகளும் எழுந்தன. ஐந்து கோடி டாலருக்கு மேற்பட்ட கடன் இருந்தது. ஹாபி லாபி என்ற அமெரிக்கக் கடைகளின் உரிமையாளர்களான கிரீன் குடும்பத்தார் முன்வந்து அளித்த ஏழு கோடி டாலரால்தான் நிறுவனம் மூச்சுவிட்டது. இரண்டு ஆண்டுகளில் நிறுவனர் மறைந்தபோது, நன்றியும் மனவருத்தமும் ஒரே சமூகத்துக்குள், பல நேரம் ஒரே நெஞ்சுக்குள் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க அதிக முயற்சி தேவையில்லை.

காயப்பட்டவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வரும்போது, “இது அதற்கான நேரம் அல்ல” என்ற பதிலே உடனே நாவில் வருகிறது. அடக்க ஆராதனையின் நாளில் அந்தப் பதில் சரிதான். ஆனால் அதற்கான நேரம் எப்போது என்று சொல்லாமல் அந்த வாக்கியத்தைச் சொல்வது, அவர்களை இரண்டாம் முறை வெளியே அனுப்புவதற்குச் சமம். ஆகவே ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள். நினைவு ஆராதனை முடிந்து சில வாரங்களில், பதிவு எதுவும் எடுக்காமல், சங்கத்தின் மூத்தவர்கள் இருவர் உட்கார்ந்து கேட்கும் ஒரு கூட்டம் நடக்கும் என்று அறிவியுங்கள். அங்கே கேட்பவர்கள் விளக்கம் சொல்லக் கூடாது. நிறுவனருக்காக வாதாடக் கூடாது. “அவருடைய உள்நோக்கம் நல்லதுதான்” என்று சொல்லவே கூடாது. குற்றச்செயல் எதையாவது ஒருவர் வெளிப்படுத்தினால், குற்றம் சுமத்தப்பட்டவர் இறந்துவிட்டார் என்பதால் அதை அங்கேயே புதைத்துவிடக் கூடாது. உடந்தையாயிருந்தவர்கள் இன்னும் பொறுப்பில் இருக்கலாம். வெளிப்படுத்தியவர் விரும்பினால் பல்கலைக்கழகத்துக்கும் சட்டப்படியான அதிகாரிகளுக்கும் அதைக் கொண்டுபோக உதவுங்கள்.

நான் பங்கேற்ற அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றில், இருபது ஆண்டுகளுக்கு முன் படிப்பைப் பாதியில் நிறுத்த நேர்ந்த ஒருவர், தம் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, “அவர் சொன்ன ஒரு பிரசங்கம்தான் இன்றைக்கும் என்னை நிற்கவைத்திருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது” என்றார். அந்த அறையில் ஒருவரும் பதில் பேசவில்லை. பதில் தேவைப்படவும் இல்லை.

இத்தகைய துக்கத்துக்கு வேதாகமத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தன்னைக் கொல்லத் தேடிய இஸ்ரவேலின் ராஜா சவுல் இறந்தபோது தாவீது பாடிய புலம்பல் இரண்டாம் சாமுவேலின் முதல் அதிகாரத்தில் உள்ளது. தான் துரத்தப்பட்டதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சவுலின் பக்தியைப் புகழும் ஒரு சொல்லும் இல்லை. கழுகுகளைவிட வேகமானவர், சிங்கங்களைவிடப் பலமானவர், இஸ்ரவேலின் குமாரத்திகளுக்குச் சிறப்பான உடை உடுத்தியவர் என்று, மெய்யாக இருந்ததை மட்டும் தாவீது பாடினார். இரங்கற்செய்தி எழுத உட்காருபவர் முதலில் அந்த அதிகாரத்தை ஒரு முறை வாசித்துவிட்டு எழுதத் தொடங்குவது நல்லது.

நினைவுகளைச் சேகரித்தல்

“உங்கள் நினைவுகளை அனுப்புங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான புகழுரைகளே வந்து சேரும். குறிப்பாகக் கேளுங்கள்: அவரை முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள்? அவர் உங்களிடம் நேரடியாகச் சொன்ன ஒரு வாக்கியம் எது? அவரோடு நீங்கள் ஒத்துப்போகாத காரியம் எது? அங்கே கற்றவற்றில் இன்றும் கைவிடாதது எது, கைவிட்டது எது? எழுத வராதவர்கள் குரலாகப் பேசி அனுப்பட்டும். ஓர் இளைய அணி அவற்றை எழுத்தாக்கலாம்.

ஒவ்வொரு நினைவையும் வெளியிடலாமா, பெயரோடு வெளியிடலாமா, சங்கத்தின் காப்பகத்தில் மட்டும் வைக்கலாமா என்று எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். திருத்தும்போது எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்துங்கள். கசப்பை நீக்கி இனிப்பைச் சேர்க்க வேண்டாம். நிறுவனர் செய்த அற்புதங்களைப் பற்றிய சாட்சிகள் வந்தால், சொன்னவரின் சொற்களிலேயே, அவருடைய சாட்சியாகவே பதியுங்கள். சங்கம் அதற்கு முத்திரை குத்தவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

இந்தத் தொகுப்பில் நிறுவனரைப் பற்றிய பக்கங்களைவிட மாணவர்கள் பிற்பாடு செய்த வேலைகளைப் பற்றிய பக்கங்கள் அதிகமாக இருப்பது குறையாகாது. தம்முடைய மாணவர்களின் வேலை தம் வேலையை மிஞ்சும் என்று தேவன் தமக்குச் சொன்னதாக ஓரல் ராபர்ட்ஸ் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அந்த அளவுகோலை அவரே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பணம்

மரணத்தின் முதல் வாரத்தில் நன்கொடை கேட்காதீர்கள். மோசே இறந்தபோது இஸ்ரவேலர் முப்பது நாள் அழுததாக உபாகமம் சொல்கிறது. சங்கமும் குறைந்தது அந்த முப்பது நாளாவது பொறுத்திருக்கட்டும். அதன்பின் நினைவு நிதி ஒன்றைத் தொடங்குவதானால், சிலையைவிட உதவித்தொகையைத் தேர்ந்தெடுங்கள் என்றே ஆலோசனை சொல்வேன். ஆண்டுதோறும் மூலதனத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் எடுத்துச் செலவிடுவதானால், ஒரு மாணவருக்குக் கொடுக்க நினைக்கும் ஆண்டுத் தொகையைப் போல இருபது மடங்கு மூலதனம் தேவை. அந்தக் கணக்கைப் போடாமல் அறிவிக்கப்பட்ட உதவித்தொகைகள் மூன்றாம் ஆண்டிலேயே நின்றுபோகின்றன. பணம் தனிநபர் கணக்குக்குப் போகக் கூடாது. ரசீதும் ஆண்டுக் கணக்கும் எல்லா நன்கொடையாளர்களுக்கும் போக வேண்டும்.

அடுத்த தலைமை

நிறுவனரின் பிள்ளையோ நெருங்கிய சகாவோ அவருடைய இடத்துக்கு வருவது வழக்கம். லிபர்ட்டியில் மகன்களில் ஒருவர் பல்கலைக்கழகத்துக்கும் மற்றவர் சபைக்கும் தலைமை ஏற்றனர். சங்கம் துக்க நாட்களில் எவரையும் முன்மொழியவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது. ஆட்சிக்குழு எந்த முறையில் தேர்ந்தெடுக்கும், கணக்குகள் எப்போது வெளியிடப்படும், மாணவர்களுடைய ஒழுங்குமுறைகளில் மாற்றம் உண்டா என்று எழுத்தில் கேட்பது மட்டும் சங்கத்தின் உரிமை. “நிறுவனர் இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்” என்ற வாதத்தை ஒருவரும் எடுக்காதிருப்பது நல்லது; இறந்தவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

முதலாண்டு நிறைவு

ஒரு வருடம் கழித்து வளாகத்தில் படிக்கும் முதலாண்டு மாணவர்களில் ஒருவரும் அவரை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். நிறைவு ஆராதனையை அவர்களுக்காக அமையுங்கள். பெரிய உரைகளுக்குப் பதிலாக, முதல் அணியில் படித்த மூன்று நான்கு பேர் மாணவர்களோடு உணவுக்கூடத்தில் உட்கார்ந்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். அன்றைய தினமே, ஓராண்டு சேகரித்த கடிதங்கள், குரல்பதிவுகள், படங்கள், வெளியிட வேண்டாம் என்று எழுதித் தந்தவர்களின் முத்திரையிட்ட உறைகள் ஆகிய அனைத்தையும் பட்டியலோடு பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படையுங்கள். எந்த உறையை எந்த ஆண்டில் திறக்கலாம் என்பது பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நூலகரின் கையெழுத்தோடு ஒரு படி சங்கத்தின் கோப்பில் இருக்கட்டும்.